கிளாட்சாப் கோட்டைக்குக் குடும்பத்தோடு போகும் முன்

போர்ட்லண்டில் வசிக்கும் நீங்கள், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோரையும் 12, 8 வயதுப் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு ஆரிகன் கடற்கரையோரம் உள்ள கிளாட்சாப் கோட்டைக்குப் போய்வரலாமா, ஒரு நாள் போதுமா, அங்கே பிள்ளைகளுக்கு எதைக் காட்டி என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போக வேண்டிய இடம். ஆனால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். கோட்டைக்கு முதலில் போகாதீர்கள். முடிந்தால் கோடையை விட்டுவிட்டு மழை தொடங்கிய பிறகு போங்கள். பல ஆண்டுகளாக அந்தக் கடற்கரைக்குப் போய்வருபவன், 1805-06 குளிர்காலத்தில் இந்தக் கோட்டையைக் கட்டித் தங்கிய பயணக் குழுவின் தலைவர்கள் லூயிஸ், கிளார்க் இருவரின் குறிப்பேடுகளைத் திரும்பத் திரும்பப் படித்தவன் என்ற முறையில், இந்த மூன்றையும் ஏன் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் என் பிள்ளைகளுடன் போனது ஒரு ஜூலை மாதத்தில். வானம் தெளிந்து, மரங்களுக்கிடையே வெயில் விழுந்துகொண்டிருந்தது. பார்வையாளர் மையத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் கோட்டை வந்துவிடுகிறது. கோட்டை என்றதும் செஞ்சியையும் வேலூரையும் நினைத்துக்கொண்டு வருபவர்களுக்கு அது பெரிய ஏமாற்றமாக இருக்கும். பக்கத்துக்கு 50 அடி நீளம் கொண்ட ஒரு சதுரம். இரண்டு வரிசையாக ஏழு சிறிய அறைகள். நடுவில் ஒரு முற்றம். முன்னும் பின்னும் மரக்கட்டைகளை நட்டு எழுப்பிய அடைப்பு. அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் பிள்ளைகள் எல்லா அறைகளையும் எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்து எங்கே என்று கேட்டார்கள். குறை அவர்களுடையதன்று. அந்தக் குழுவினர் இந்த இடத்துக்கு வந்துசேர எவ்வளவு பாடுபட்டார்கள், இங்கே ஏன் தங்கினார்கள் என்பதெல்லாம் தெரியாமல் பார்ப்பவருக்கு அது வெறும் மரக்குடில்தான். அடுத்த முறை ஒரு நவம்பர் மாதத்தில், கொலம்பியா ஆற்றின் வடகரையிலிருந்து தொடங்கி, அவர்கள் வந்த வரிசையிலேயே போனோம். அதே பிள்ளைகள் மூன்று மணி நேரம் அங்கே இருந்தார்கள்.

பெற்றோருக்குப் பின்னணி தெரிந்திருக்காது என்பதால், காரில் போகும்போதே இவ்வளவு சொல்லிவிடுங்கள். 1803ஆம் ஆண்டில் அமெரிக்கா பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை 1.5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்நிலத்தின் வழியாகவும் அதைக் கடந்தும் பசிபிக் பெருங்கடல் வரை செல்லும் நீர்வழியைத் தேடுமாறு அதிபர் தாமஸ் ஜெபர்சன் தம் செயலாளராக இருந்த மெரிவெதர் லூயிஸிடம் பொறுப்பை ஒப்படைத்தார். லூயிஸ் தம் படைத் தோழர் வில்லியம் கிளார்க்கைச் சமநிலைத் தலைவராகச் சேர்த்துக்கொண்டார். 1804 மே 14 அன்று செயின்ட் லூயிஸ் அருகிலிருந்து புறப்பட்ட குழு, மிசூரி ஆற்றை எதிர்த்துப் படகில் ஏறி, இன்றைய வடக்கு டகோட்டாவில் மாண்டன் மக்களின் ஊர்களுக்கு அருகே முதல் குளிர்காலத்தைக் கழித்தது. அங்கேதான் ஷொஷோனிப் பெண்ணான சகாகவேயாவும் அவருடைய கணவர் டூசான் ஷர்போனோவும் குழுவில் சேர்ந்தார்கள். 1805 பிப்ரவரி 11 அன்று அங்கேயே அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் கைக்குழந்தையையும் சேர்த்து 33 பேர் ஏப்ரல் மாதத்தில் மேற்கே கிளம்பி, மலைத்தொடரைப் பட்டினியோடு கடந்து, நெஸ் பெர்ஸ் மக்களின் உதவியால் உயிர்பிழைத்து, ஓடங்கள் குடைந்து, கொலம்பியா ஆற்றின் வழியாக நவம்பரில் கடல்முகத்துக்கு வந்துசேர்ந்தார்கள்.

இனி வழி. போர்ட்லண்டிலிருந்து 30ஆம் எண் நெடுஞ்சாலையில் கொலம்பியா ஆற்றை ஒட்டி அஸ்டோரியாவுக்குப் போங்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஊருக்குள் நிற்காமல், 1966இல் திறக்கப்பட்ட நான்கு மைல் நீளப் பாலத்தின் மீதேறி வடகரைக்கு, அதாவது வாஷிங்டன் மாநிலத்துக்குச் சென்றுவிடுங்கள். பாலத்தைக் கடந்ததும் வலப்புறம் சிறிது தூரத்தில் சாலையோர ஓய்விடம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் டிஸ்மல் நிட்ச். கிளார்க் அந்த இடத்தைத் துயரம் பிடித்த சிறு ஒடுக்கு என்னும் பொருளில் எழுதிவைத்ததே பெயராக நிலைத்துவிட்டது. கழிப்பறைக்காக நிறுத்தும் பலர், எங்கே நிற்கிறோம் என்று அறியாமலே கிளம்பிவிடுகிறார்கள்.

1805 நவம்பர் 10 முதல் 15 வரை அந்தக் குழு இங்கேதான் சிக்கிக்கொண்டது. பின்னால் செங்குத்தான மலை. முன்னால் கடலைப் போல் அலையடிக்கும் ஆறு. ஆற்றில் மிதந்துவரும் பெருமரங்கள் அலையோடு வந்து ஓடங்களின் மீது மோதுகின்றன. கூடாரங்கள் கிழிந்துவிட்டன, உடுத்தியிருந்த தோலாடைகள் ஓயாத மழையில் நைந்து அழுகிப்போயின. முன்னேறவும் முடியவில்லை, பின்வாங்கவும் முடியவில்லை. அதே நவம்பர் 11ஆம் தேதி, அலை ஓங்கி எழுந்துகொண்டிருந்த ஆற்றின் குறுக்கே கத்லாமெட் மக்கள் சிலர் சிறு ஓடத்தில் வந்து, இவர்களுக்கு மீன் விற்றுவிட்டு, அதே அலைகளின் மீதேறி மறுகரைக்குத் திரும்பிப் போனார்கள். தாம் பார்த்தவர்களிலேயே மிகச் சிறந்த ஓடக்காரர்கள் இவர்கள்தாம் என்று கிளார்க் வியந்து எழுதுகிறார்.

உங்கள் பிள்ளைகளை நிறுத்தி வைத்துச் சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான். ஒரே ஆறு, ஒரே நாள், ஒரே மழை. ஒரு கூட்டத்தாருக்கு அது உலகத்தின் கடைசி விளிம்பு. இன்னொரு கூட்டத்தாருக்கு மீன் விற்கப் போய்வரும் வழி. எல்லைப்புறம் என்ற சொல்லை அமெரிக்கப் பாடப்புத்தகங்கள் அடிக்கடி சொல்கின்றன. அது யாருடைய எல்லை என்ற கேள்வியை ஒரு பிள்ளை தானாகவே கேட்கக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதனால்தான் கோட்டைக்கு முன்பு இங்கே வரச் சொல்கிறேன். மழைத்தூறலோடு காற்றடிக்கும் நாளாக இருந்தால், காரைவிட்டு இறங்கி ஐந்து நிமிடம் கரையில் நின்றாலே போதும்; மீதியை ஆறே சொல்லிவிடும்.

அங்கிருந்து திரும்பிப் பாலத்தைத் தாண்டி மேற்கே சில மைல் போனால் மிடில் வில்லேஜ் எனப்படும் இடம் வருகிறது. சினூக் மக்களின் பழைய வணிக ஊர் அங்கே இருந்தது. லூயிஸ், கிளார்க் குழுவினர் நவம்பர் 15 முதல் 25 வரை அதை ஒட்டித் தங்கினார்கள். இன்று அங்கே புல்வெளியும், சினூக் ஓடங்களின் உருவங்களும், விளக்கப் பலகைகளும், ஒரு பழைய தேவாலயமும் உள்ளன. கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் கதை வளமாக இருக்கிறது.

அமெரிக்கக் கப்பல் தலைவர் ராபர்ட் கிரே 1792 மே மாதத்திலேயே இந்த ஆற்றுமுகத்துக்குள் நுழைந்து, தம் கப்பலின் பெயரையே ஆற்றுக்கு வைத்துவிட்டார். சினூக் மக்கள் தங்கள் மொழியில் அதைப் பெரிய ஆறு என்னும் பொருளில் விமால் என்று அழைத்துவந்தார்கள். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் கப்பல்கள் வந்து கடல்நீர்நாய்த் தோல்களை வாங்கிச் சென்றன. ஆகவே 1805இல் லூயிஸும் கிளார்க்கும் வந்தபோது, அவர்களை எதிர்கொண்டவர்கள் வெள்ளையரைக் கண்டு மிரண்ட மக்கள் அல்லர். விலை தெரிந்த வணிகர்கள். எந்தக் கப்பல் தலைவர் எப்போது வருவார் என்று பட்டியல் சொன்னார்கள். மாலுமிகளிடமிருந்து கற்ற ஆங்கிலச் சொற்கள் சிலவற்றை, வசைச்சொற்கள் உட்பட, அறிந்திருந்தார்கள். அவர்கள் பெரிதும் மதித்தது நீல மணிகளை. ஒருவர் அணிந்திருந்த கடல்நீர்நாய்த் தோல் போர்வையைப் பார்த்துத் தலைவர்கள் இருவரும் ஆசைப்பட்டார்கள். எதைக் கொடுத்தாலும் அவர் இசையவில்லை. கடைசியில் சகாகவேயாவின் இடுப்பில் இருந்த நீலமணிக் கச்சையைக் கொடுத்தே அதை வாங்கினார்கள். அவருக்கு ஈடாக ஒரு நீலத்துணி மேலங்கி கிடைத்தது. அந்தப் பரிமாற்றத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று எந்தக் குறிப்பேடும் எழுதவில்லை. உங்கள் 12 வயதுப் பிள்ளை இதைப் பற்றி வெகுநேரம் பேசக்கூடும்.

குளிர்காலத்தை எங்கே கழிப்பது என்ற கேள்வியும் இந்தக் கரையில்தான் முடிவானது. ஆற்றில் மேல்நோக்கித் திரும்பிச் செல்வதா, தென்கரையில் எல்க் மான்கள் நிறைய உண்டு என்று உள்ளூர் மக்கள் சொன்னதை நம்பி அக்கரையைப் பார்ப்பதா என்று, நவம்பர் 24 அன்று குழுவில் ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டு, கிளார்க் பெயர் பெயராகக் குறித்துவைத்தார். கிளார்க்கின் அடிமையாக இருந்த யார்க் என்ற கறுப்பினத்தவரின் கருத்தும் அதில் பதிவாகியிருக்கிறது. சகாகவேயாவின் கருத்தும் பதிவாகியிருக்கிறது. கிழங்கு நிறையக் கிடைக்கும் இடம் எதுவோ அங்கே தங்கலாம் என்றார். வாப்பட்டோ எனப்படும் நீர்க்கிழங்கையே அவர் குறிப்பிட்டார். கறுப்பின ஆண்களின் வாக்குரிமைக்கு அமெரிக்க அரசமைப்பில் 1870இலும், பெண்களின் வாக்குரிமைக்கு 1920இலும் இடம் கிடைத்ததை நினைத்தால் இந்தப் பட்டியல் வியப்பளிக்கும். ஆனால் இதை மக்களாட்சியின் முதல் விதை என்றெல்லாம் சொல்லிவிடாதீர்கள். பயணம் முடிந்து திரும்பிய பிறகு யார்க் தம் விடுதலையைக் கேட்டபோது கிளார்க் பல ஆண்டுகள் மறுத்தார். இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் மீதமிருக்கும் பொழுதில், மேலும் மேற்கே கடலும் ஆறும் கலக்கும் டிஸப்பாயின்ட்மென்ட் முனைக்குப் போகலாம். மாநிலப் பூங்கா என்பதால் காருக்கு நாள் அனுமதிச் சீட்டு வேண்டும். குன்றின்மேல் உள்ள விளக்க மையத்திலிருந்து பார்த்தால், நூற்றுக்கணக்கான கப்பல்களை விழுங்கிய ஆற்றுமுகத்து மணல்திட்டுகளின் மீது அலை உடைவது தெரியும். இருட்டும் முன் அஸ்டோரியாவுக்குத் திரும்பித் தங்கிவிடுங்கள்.

இரண்டாம் நாள் காலையில் கோட்டை. அஸ்டோரியாவிலிருந்து கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். 16 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. பெரியவர்கள் வாங்கும் சீட்டு ஏழு நாள் செல்லும். நுழைந்ததும் பிள்ளைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் கையேட்டைக் கேட்டு வாங்கிக்கொடுங்கள். அதை நிரப்பிக் காட்டினால் பூங்காப் பணியாளரான ரேஞ்சர் உறுதிமொழி எடுக்கவைத்து ஒரு வில்லை தருவார். 8 வயதுப் பிள்ளைக்கு அது போதுமான ஊக்கம். கோடையில் அந்தக் காலத்து உடையணிந்த பணியாளர்கள் துப்பாக்கி சுட்டுக் காட்டுவது, தோல் பதப்படுத்துவது, கொழுப்பில் மெழுகுவர்த்தி வார்ப்பது முதலியவற்றைச் செய்துகாட்டுவார்கள். இதை விரும்புபவர்கள் கோடையில் போவதில் தவறில்லை. ஆயினும் நான் மழையையே பரிந்துரைப்பதற்குக் காரணம் இருக்கிறது. குழுவினர் 1805 டிசம்பர் 7 முதல் 1806 மார்ச் 23 வரை 106 நாள் இங்கே இருந்தார்கள். அவற்றில் மழையில்லாத நாட்கள் 12 மட்டுமே. அஸ்டோரியாவில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சென்னையைவிட அதிகம். ஆனால் நம் ஊர் ஐப்பசி மழையைப் போல் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்வதில்லை. நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும், எதுவும் காயாது. இறைச்சி இரண்டொரு நாளில் கெட்டது, துணி பூஞ்சணம் பூத்தது, போர்வைகளில் தெள்ளுப்பூச்சிகள் மண்டின, எல்லோருக்கும் சளியும் உடல்வலியும் வந்தன. வெயிலில் பார்த்தால் அந்த அறைகள் அழகான பொம்மை வீடுகள். கூரையில் நீர் சொட்டும் ஒலியைக் கேட்டபடி, ஓர் அறைக்குள் எட்டுப் பேர் மூன்றரை மாதம் படுத்திருந்ததை நினைத்துப் பார்த்தால்தான் அது வீடாகிறது.

இன்று நிற்கும் கட்டடம் பழையது அல்ல என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். மூலக் கோட்டை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மட்கிப்போனது. கிளார்க் எல்க் தோல் அட்டை போட்ட தம் குறிப்பேட்டில் வரைந்திருந்த தளப்படத்தைக் கொண்டு 1955இல் ஒரு மாதிரியைக் கட்டினார்கள். அது 2005 அக்டோபரில் தீயில் எரிந்துபோனது. ஊர்மக்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து உழைத்ததில் 2006 டிசம்பரில் இப்போதுள்ளது திறக்கப்பட்டது. அகழாய்வுகள் பல நடந்தும் மூலக் கோட்டையின் துல்லியமான இடம் இதுவரை உறுதியாகவில்லை.

அறைகளில் இரண்டைத் தேடிப் பாருங்கள். ஒன்று, ஷர்போனோவின் குடும்ப அறை. மாண்டன் ஊர்களில் பிறந்த அந்தக் குழந்தை ஜான் பாட்டிஸ்ட், 1806 பிப்ரவரி 11 அன்று இந்தக் கோட்டையில்தான் ஒரு வயதை நிறைவு செய்தான். தலைவர்கள் அன்றைய குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. தாத்தா பாட்டியோடு போகிறீர்கள் அல்லவா, முதலாண்டு நிறைவின் பொருளை அவர்களே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். ஏறத்தாழ 17 வயதுத் தாய், தன் மக்களிடமிருந்து பல நூறு மைல் தொலைவில், மழையில், அந்தக் கணப்பின் முன்பு குழந்தையை வைத்துக்கொண்டிருந்ததைக் கற்பனை செய்ய வேறு உதவி தேவையில்லை.

இன்னொன்று, தலைவர்களின் அறை. இந்தக் கோட்டையில் நடந்த மிகப் பெரிய வேலை வேட்டையன்று, எழுத்து. வழியில் குறிக்க நேரமில்லாமல் விட்டுப்போன செடிகொடிகள், விலங்குகள், மக்களின் வழக்கங்கள் எல்லாவற்றையும் லூயிஸ் இங்கே உட்கார்ந்துதான் விரிவாக எழுதினார். காண்டோர் கழுகின் தலையையும், யூலக்கான் என்னும் சிறு மீனையும் எழுத்தின் நடுவிலேயே வரைந்துவைத்திருக்கிறார். கிளார்க் பிப்ரவரி 14 அன்று தாங்கள் கடந்துவந்த நிலம் முழுவதற்குமான வரைபடத்தை முடித்தார். படம் வரையும் பழக்கம் உள்ள பிள்ளையாக இருந்தால் ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் கையில் கொடுத்து, அந்த அறைக்கு வெளியே உட்காரவைத்து, கண்ணில் படும் ஓர் இலையை அளந்து வரையச் சொல்லுங்கள். என் மகள் அங்கே வளரும் சலால் என்னும் புதர்ச்செடியின் இலையை வரைந்த தாளை இன்னும் வைத்திருக்கிறாள்.

கிறிஸ்துமஸ் நாளைப் பற்றியும் பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள். கூரை வேலை முழுதும் முடியாத நிலையிலேயே குடியேறியவர்கள், காலையில் துப்பாக்கி வெடித்தும் பாடியும் தலைவர்களை எழுப்பினார்கள். புகைப்பவர்களுக்குப் புகையிலையும், மற்றவர்களுக்குக் கைக்குட்டையும் பரிசாகக் கிடைத்தன. சகாகவேயா கிளார்க்குக்கு இரண்டு டஜன் வெள்ளை மரநாய் வால்களைக் கொடுத்தார். விருந்து, கெட்டுப்போகத் தொடங்கிய எல்க் இறைச்சியும், அதே நிலையிலிருந்த இடித்த மீனும், சில கிழங்குகளும். உப்பு இல்லை.

அந்த உப்பைத் தேடித்தான் அடுத்த இடத்துக்குப் போகிறோம். இந்தப் பயணம் முழுவதிலும் உங்கள் பெற்றோர் தாமே ஆசிரியராகும் இடம் இதுவாகத்தான் இருக்கும். கோட்டையிலிருந்து தெற்கே அரை மணி நேரத்துக்குள் சீசைட் என்ற கடற்கரை ஊர் வருகிறது. அங்கே ஒரு குடியிருப்புத் தெருவின் நடுவே, வேலியிட்ட சிறு இடத்தில், கற்களை அடுக்கிக் கட்டிய அடுப்பு ஒன்று இருக்கிறது. பழைய உப்படுப்பின் மாதிரி. 1806 ஜனவரி தொடக்கத்தில் ஐந்து கொதிகலன்களோடு ஆட்கள் இங்கே வந்து, பிப்ரவரி 20 வரை இரவும் பகலும் கடல்நீரைக் காய்ச்சினார்கள். கல், விறகு, குடிக்க நன்னீர், அருகிலேயே பழக இனிய கிளாட்சாப், டில்லமுக் மக்களின் வீடுகள் என்று எல்லாம் ஒருங்கே கிடைத்ததால் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள்.

மரக்காணத்திலோ தூத்துக்குடியிலோ உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே ஒரு கேள்வி எழும்: பாத்தி கட்டிக் கடல்நீரை நிறுத்தினால் தானே விளையுமே, ஏன் விறகை எரிக்க வேண்டும்? விடை தலைக்கு மேலேயே இருக்கிறது. அங்கே வெயிலும் காற்றும் இலவசமாகச் செய்யும் வேலையை, 106 நாளில் ஆறு நாள் மட்டுமே வெயில் தெளிவாக அடித்த இந்த நாட்டில் நெருப்பைக் கொண்டுதான் செய்ய வேண்டியிருந்தது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. நாளொன்றுக்கு அவர்கள் எடுத்தது மூன்று முதல் நான்கு லிட்டர் அளவு உப்பு என்றால், 100 லிட்டருக்குக் குறையாத நீரைச் சுமந்து வந்து, வற்றும்வரை காய்ச்சியிருக்க வேண்டும். அதுவும் ஈர விறகை வைத்துக்கொண்டு. 12 வயதுப் பிள்ளையிடம் இந்தக் கணக்கைப் போடச் சொல்லலாம். மொத்தத்தில் மூன்றரை புஷல், அதாவது ஏறத்தாழ 28 கேலன் உப்பு சேர்ந்தது. அதில் 12 கேலனைத் திரும்பும் வழிக்கென்று பீப்பாய்களில் அடைத்துவைத்தார்கள். முதல் உப்பு வந்ததும் லூயிஸ் பெருமகிழ்ச்சியோடு எழுதுகிறார். கிளார்க்குக்கோ உப்பு இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. ஒரே வீட்டில் ஒருவர் உப்புப் போதாது என்பதும் மற்றவர் ருசியே அறியாமல் சாப்பிடுவதும் நமக்குத் தெரிந்ததுதானே.

இந்த இடம் எப்படி அடையாளம் காணப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1900இல் ஆரிகன் வரலாற்றுக் கழகத்தினர் இடத்தைத் தேடி வந்தபோது, ஜென்னி மிஷெல் என்ற முதிய கிளாட்சாப் பெண்மணி, வெள்ளையர் அங்கே நீர் காய்ச்சியதைத் தம் தாய் பார்த்துச் சொன்னதாகக் கூறி இடத்தைக் காட்டினார். கோட்டை இருந்த பகுதியைக் காட்டியவரும், குழுவினர் தங்கியிருந்த காலத்தில் கிளாட்சாப் தலைவராக இருந்த கோபவேயின் பேரன்தான். அமெரிக்காவின் பெருமைக்குரிய நினைவிடங்களின் இருப்பிடத்தை நினைவில் காத்துவைத்தவர்கள் அந்த மண்ணின் மக்களே.

இன்னும் தெற்கே கேனன் பீச் வரை போனால் திமிங்கிலத்தின் கதை. 1806 ஜனவரியில் ஒரு திமிங்கிலம் கரையொதுங்கியதாகச் செய்தி வந்தது. கொழுப்பு வாங்கக் கிளார்க் ஆட்களோடு புறப்பட்டபோது, சகாகவேயா தம்மையும் அழைத்துச் செல்லும்படி வற்புறுத்தினார். பெரிய நீரைப் பார்க்கவென்று இவ்வளவு தொலைவு நடந்துவந்தும் இன்னும் கடலைப் பார்க்கவில்லை, இப்போது அந்தப் பெரிய மீனும் வந்திருக்கிறது, இரண்டையும் பார்க்கவிடாதது கொடுமை என்றார். குறிப்பேடுகளில் அவர் தமக்காக எதையேனும் கேட்டதாகப் பதிவாகியிருக்கும் அரிய இடங்களில் இது ஒன்று. அவர்கள் போவதற்குள் டில்லமுக் மக்கள் கொழுப்பை எடுத்து முடித்திருந்தார்கள். எஞ்சிய எலும்புக்கூட்டைக் கிளார்க் 105 அடி என்று அளந்து எழுதினார். ஏறத்தாழ 300 பவுண்டு கொழுப்பை விலைக்கு வாங்கித் திரும்பினார்கள். அங்குள்ள ஓடைக்குத் திமிங்கிலம் என்னும் பொருள்படும் சினூக் சொல்லான எக்கோலா என்பதே இன்றும் பெயர். அவர்கள் ஏறிக் கடந்த டில்லமுக் முனைப் பாதை செங்குத்தும் சேறும் நிறைந்தது. பெரியவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம். கேனன் பீச்சில் இறங்கி மணலில் நின்றாலே போதும். இங்கிருந்து 26ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக வீடு திரும்பிவிடலாம்.

பெற்றோருக்காகச் சில. குளிர்காலத்தில் பகலில்கூட 10 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். குடை காற்றில் நிற்காது, தலையை மூடும் மழைக்கோட்டு வேண்டும். கோட்டைக்குப் போகும் பாதை சமமானது, ஆனால் அறைகளுக்குள் இருட்டாகவும் தரை ஈரமாகவும் இருக்கும். கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். அஸ்டோரியா மீனுக்குப் பெயர்போன ஊர் என்பதால், சைவம் சாப்பிடுபவர்களுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதே நல்லது. பார்வையாளர் மையத்தருகே உண்ண மேசைகள் உண்டு. அஸ்டோரியா குன்றின்மேல் 1926இல் கட்டிய நினைவுத் தூணில் 164 படிகள். பிள்ளைகள் ஏறி, உச்சியிலிருந்து பால்சா மரத்தால் ஆன சிறு விமானங்களைப் பறக்கவிடுவது அங்கே வழக்கம். பெரியவர்கள் கீழே நின்றாலும் ஆறும் கடலும் முழுமையாகத் தெரியும்.

கோட்டையை விட்டுக் கிளம்புமுன் ஆற்றங்கரையில் ஓடங்கள் ஒதுங்கிய துறைக்கு இறங்கிப் பாருங்கள். அங்கே சொல்ல வேண்டிய கதை ஒன்று பாக்கியிருக்கிறது. திரும்பிச் செல்ல ஓடங்கள் போதவில்லை. ஓர் ஓடத்துக்காக லூயிஸ் தம் சரிகை வைத்த சீருடை மேலங்கியையே கொடுத்தார். இன்னொன்று தேவைப்பட்டபோது விலைக்கு வாங்காமல், கிளாட்சாப் மக்களின் ஓடம் ஒன்றைத் திருடிக்கொண்டார்கள். குளிர்காலத்தில் குழுவினர் வேட்டையாடிய எல்க் மான்கள் சிலவற்றை அம்மக்கள் எடுத்துக்கொண்டதற்கு அது ஈடு என்று சமாதானம் எழுதிவைத்தார்கள். அந்த இறைச்சிக்கு ஈடாகக் கிளாட்சாப் மனிதர் ஒருவர் பிப்ரவரியிலேயே மூன்று நாய்களைக் கொண்டுவந்ததும், அவை மிரண்டு ஓடிவிட்டதும் அதே குறிப்பேட்டில்தான் இருக்கின்றன. மற்ற யாரையும்விட அன்பாகவும் விருந்தோம்பலோடும் நடந்துகொண்டவர் என்று தாங்களே எழுதிய கோபவேயிடம் கோட்டையை ஒப்படைத்துவிட்டு, 1806 மார்ச் 23 பிற்பகலில், அவருடைய மக்களின் ஓடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். 2011 செப்டம்பரில் கிளார்க்கின் வழிவந்தவர்கள், அதற்கு ஈடாகச் செய்வித்த ஓர் ஓடத்தைச் சினூக் மக்களிடம் நேரில் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள்.

அந்த மக்கள் இப்போது எங்கே என்று உங்கள் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். 1830களில் பரவிய காய்ச்சல், கீழ்க் கொலம்பியாக் கரையில் வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியவர்களின் வழியினர் இன்றும் அதே ஆற்றுமுகத்தைச் சுற்றி வாழ்கிறார்கள். சினூக் மக்களை ஒரு பழங்குடி நாடாக அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 2001 ஜனவரியில் ஏற்றுக்கொண்டு, 2002இல் அந்த ஏற்பைத் திரும்பப் பெற்றது. அதை மீட்பதற்காக அவர்கள் தொடர்ந்து போராடிவருகிறார்கள். முதல் நாள் காலையில் பாலத்தைக் கடந்து நீங்கள் இறங்கி நிற்கப்போகும் வடகரைதான் அவர்களுடைய ஊர்.